தோட்டத்து வீட்டை வரைந்தவர்

உத்தமபாளையம்
10.11.2024

அன்புள்ள தம்பி ரசூலுக்கு,

மதினி சுலைகா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று இங்கேயும் கம்பத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. கண்புரைக்கு ஆபரேஷன் ஆனது உண்மை. ஞாபகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. புருஷன் வரைந்த படத்துக்கு எழுபத்து நாலு வயதில் உரிமை கொண்டாடுகிறேன் என்றும் சொல்கிறார்கள். அதுவும் சரியல்ல. அந்தப் படத்தை நான் வரைந்தேன். உனக்கு அது தெரியும்.

மற்றபடி நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தாம்பரத்தில் மழை என்று செய்தியில் சொன்னார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே?

விஷயத்துக்கு வருகிறேன். கம்பத்தில் நம் திராட்சைக் கமிஷன் கடையை மூடியபோது, சுவரில் மாட்டியிருந்த தோட்டத்து வீட்டுப் படத்தை நீ கொண்டுபோனாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அதைத் திராட்சை விவசாயிகள் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறாய். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அல்லிநகரத்தில் ஒரு கண்காட்சியில் அதை வைத்திருக்கிறார்கள். பொங்கல் கழிந்து கம்பத்தில் சங்கத்தின் புதுக் கட்டடத்தில் மாட்டி, கீழே பித்தளைத் தகட்டில் வரைந்தவர் பெயரை வெட்டி வைக்கப் போகிறார்களாம். வெட்டப் போகிற பெயர் ராஜா முகம்மது. அதற்குத்தான் எழுதுகிறேன்.

கண்காட்சிப் புத்தகத்தை ஒருவர் கொண்டுவந்து காட்டினார். அதில் உன் பேட்டி அரைப் பக்கம் வந்திருக்கிறது. 'ஏர் பிடித்த கையால் தூரிகை பிடித்தவர் என் அண்ணன்' என்று சொல்லியிருக்கிறாய். உன் அண்ணன் ஏர் பிடித்ததில்லை, ஆள் வைத்துத்தான் உழுதார். தூரிகையும் பிடித்ததில்லை. வாழ்நாளில் அவர் வரைந்தது ஒன்றே ஒன்று, கோழிக் கூண்டு செய்ய ஆசாரிக்குப் போட்டுக் கொடுத்த கோடு. ஆசாரி அதைப் பார்த்து நாய்க் கூண்டு செய்து கொண்டுவந்தார். அவரைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எந்தக் கொடியில் எத்தனை கண் விட்டுக் கவாத்து வெட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்ததுபோல இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் தெரியாது. அந்தப் பெயர் அவருக்குப் போதும்.

1975 சித்திரையில் வீரபாண்டித் திருவிழாப் பொருட்காட்சிக்கு அந்தப் படம் அவர் பெயரில் போனது. மருமகள் பெயர் வெளியே வரக் கூடாது என்று மாமா சொன்னதாக நீதான் அடுப்படிக்கு வந்து சொன்னாய். மாமாவிடம் நேரில் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். அதனால் ஏன் என்று கேட்கவில்லை. படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. உன் அண்ணன் பரிசுக் குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அன்றோடு நான் தூரிகையை எடுத்து வைத்தேன்.

மாமாவும் மாமியும் போய்விட்டார்கள். உன் அண்ணன் போய்ப் பதினொரு வருஷம். அன்று அந்த வீட்டில் இருந்தவர்களில் மீதி நீயும் நானும்தான். வரைந்தது யார் என்று சங்கத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுது. நவம்பர் முடிவதற்குள் அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் என் ஸலாம் சொல்.

இப்படிக்கு,
சுலைகா பீவி


தாம்பரம்
2.12.2024

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மதினிக்கு,

ரசூல் எழுதிக்கொள்வது. வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. கண் நன்றாகத் தெரிகிறது என்பது உங்கள் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அன்று போலவே ஒரு கோடும் வளையவில்லை.

இங்கே நான்கு நாள் விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். என் முழங்காலும் அந்தத் தண்ணீர் மாதிரியே, வடிகிறது, மறுபடி வீங்குகிறது. ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். பயமாக இருக்கிறது. என் மனைவி தினமும் நல்லெண்ணெய் தேய்த்துவிடுகிறாள்.

படத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சங்கத்துக்காரர்கள் மரியாதையாகத்தான் செய்கிறார்கள் மதினி. நம் குடும்பத்துக்குப் பெருமை. அண்ணன் பெயர் அங்கே நின்றால் அதில் நீங்களும் நிற்பதாகத்தானே அர்த்தம். இந்த வயதில் பத்துப் பேர் முன்னால் போய் நிற்பது உங்களுக்கு எதற்கு என்று என் மனது சங்கடப்படுகிறது. எல்லாம் வீட்டுக்குள் நடந்தவை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தவறவிட வேண்டாம்.

அன்புடன்,
ரசூல்


உத்தமபாளையம்
9.12.2024

அன்புள்ள தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் முழங்காலுக்காக துஆ செய்தேன். நல்லெண்ணெயைச் சூடு செய்யாமல் தேய்த்தால் பயன் இல்லை என்று வீட்டில் சொல்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முழங்கால் இருக்கிறது, மழை இருக்கிறது, என் கையெழுத்துக்குப் பாராட்டு இருக்கிறது. நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. நான் வரையவில்லை என்றும் நீ எழுதவில்லை. அதை மட்டும் கவனித்து வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை பஸ் பிடித்து அல்லிநகரம் போனேன். கண்காட்சிப் பொறுப்பில் திலீபன் என்று ஒரு பையன். முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர், சங்கத்தின் செயலாளரும் அவன்தான். நல்ல பையன், சட்டை மட்டும் இஸ்திரி போடவில்லை.

"வாங்கம்மா. ஐயா வரைஞ்சதப் பாக்க வந்தீகளா?" என்றான்.

"ஐயா வரைஞ்சது எதுவும் இங்கன இல்ல தம்பி. நான் வரைஞ்சதப் பாக்க வந்தேன்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. எதிர்க்கவும் இல்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டான். ஐம்பது வருஷம் கழித்து அதன் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். ஓட்டு வீடு, வலது கைப்பக்கம் கமலைக் கிணறு, களத்தின் ஓரம் வைக்கோல் படப்பு, கல்தூண் நட்ட திராட்சைப் பந்தல், பின்னால் மேற்கு மலை. மூலையில் உன் அண்ணன் பெயரில் ஒரு கையெழுத்து, அதை நான் போடவில்லை. மலைக்குப் போட்ட நீலம் கொஞ்சம் அதிகம். மற்றதில் குறை இல்லை.

பக்கத்தில் ஒரு அட்டை. எழுதியவர் யாரோ மதுரைக்காரராம். 'மனிதனும் இல்லை, மாடும் இல்லை, ஒரு பறவைகூட இல்லை. விவசாயி கைவிட்டுப் போகப்போகும் மண்ணை அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுவிட்ட கலைஞனின் துயரம்' என்று இருந்தது.

"இது என்ன துயரம்?" என்று கேட்டேன்.

"ஆளே இல்லையேம்மா. அந்த வெறுமையத்தான் சொல்றாக."

"எங்க மாமா உசுருள்ளத வரையக் கூடாதுன்னு சொன்னாக. அதனால ஆளு இல்ல. வெறுமை எங்கன இருக்கு? கமலைக் கயித்தப் பாரு. பாதிக்குக் கீழ கருப்பா இருக்கா, அது ஈரம். இப்பத்தான் மாட்ட அவுத்துட்டுப் போயிருக்காக. வரப்புல கலயத்து மேல ஓலை மூடிக் கெடக்கு பாரு, கஞ்சி. பதினோரு பேரு வேல பாக்குற தோட்டம்பா இது. எல்லாரும் கைகழுவப் போயிருக்காக. யாரு கைவிட்டுப் போனது?"

திலீபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு கயிற்றைப் பார்த்தான். "இத்தன நாளா நிழல்னு நெனச்சேன்" என்றான்.

பிறகு சட்டத்தைக் கழற்றச் சொன்னேன். தயங்கினான். நீ கழற்றாவிட்டால் நான் கழற்றுவேன் என்றேன். கழற்றினான். பின்னால் மடித்து ஆணி அடித்த விளிம்பில், சிவப்பு நூலில், 63.

"இது என்ன நம்பரும்மா?"

கான்வென்ட் போர்டிங்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் உண்டு. வெளுக்கப் போகிற துணி மாறாமல் இருக்க, பெட்ஷீட், துண்டு, தலையணை உறை எல்லாவற்றிலும் அந்த எண்ணைத் தைக்க வேண்டும். என் எண் 63. படம் வரைந்தது என் போர்டிங் பெட்ஷீட்டில். வஜ்ஜிரப் பசை காய்ச்சித் தடவி, சுண்ணாம்புப் பொடி பூசி, தேய்த்து எடுத்தேன். அதே எண் உள்ள தலையணை உறையைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

அவன் உடனே சங்கத் தலைவருக்குப் போன் போட்டான். தலைவர் நம் பக்கத்துத் தோட்டத்து முத்துப்பாண்டி. அந்தப் பக்கம் பேசியது எனக்கே கேட்டது. "துணி ராவுத்தரம்மா துணியா இருக்கலாம்ப்பா. கை யாரு கைன்னு துணி சொல்லுமா? அவுக கொழுந்தனாரு எழுதிக் குடுக்கட்டும், மாத்திருவோம்."

ஆகவே மறுபடி உன்னிடம்தான் வருகிறது. எழுது.

இப்படிக்கு,
சுலைகா பீவி


உத்தமபாளையம்
6.1.2025

தம்பி ரசூலுக்கு, ஸலாம்.

நலம். நீயும் நலம் என்று உன் போனில் தெரிந்துகொண்டேன். இரண்டு தடவை போன் செய்தாய். இரண்டு தடவையும் நான் படம் என்று சொன்னதும் லைன் அறுந்தது. உத்தமபாளையத்தில் டவர் நன்றாகத்தான் இருக்கிறது.

போனில் சொல்வதை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இருபத்தெட்டு நாளாகக் கடிதம் இல்லை. தகடு வெட்டக் கொடுத்துவிட்டார்கள் என்று திலீபன் வந்து சொன்னான். அவனுக்கே சங்கடமாக இருந்தது. காபி குடிக்காமல் போனான்.

உனக்கு என்மேல் என்ன கோபம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. இருந்தால் அதையாவது எழுது.

சுலைகா பீவி


தாம்பரம்
14.1.2025

மதினிக்கு, ஸலாம்.

கோபம் ஒன்றும் இல்லை. அல்லாஹ் சாட்சியாக இல்லை. அப்படி நினைக்கவே வேண்டாம்.

வருகிற 20ஆம் தேதி முழங்கால் ஆபரேஷன். நடக்க ஒரு மாதம் ஆகுமாம். பலதடவை எழுத உட்கார்ந்தேன். தாள்தான் வீணாயிற்று. பரிசு வாங்கிய நாளுக்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி அண்ணன் கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, அது உங்களுக்குத் தெரியுமா?

எழுந்து நடந்ததும் எழுதுகிறேன். எனக்காக துஆ செய்யுங்கள்.

ரசூல்


கம்பம்
16.1.2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தாங்கள் கடந்த 10ஆம் தேதி சங்கத்துக்கு எழுதிய கடிதம் செயற்குழுவில் வாசிக்கப்பட்டது. சாட்சிக் கடிதம் வரவில்லை என்றால், உறுப்பினர்கள் முன்னிலையில் தாங்களே வரைந்து காட்டத் தயார் என்று எழுதியிருந்தீர்கள். தலைவர் முதலில் சிரித்தார், பிறகு சம்மதித்தார். 26.1.2025 ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. தங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது.

தாங்கள் கேட்டபடி ட்யூப் எண்ணெய் வண்ணம் ஆறும், நான்காம் எண் தூரிகை இரண்டும் மதுரையில் வாங்கிவிட்டேன். அக்ரிலிக் வாங்கக் கூடாது என்று இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தீர்கள். வாங்கவில்லை.

என் சொந்த வார்த்தை ஒன்று. கை நடுங்கினால் தள்ளி வைத்துக்கொள்ளலாம் அம்மா. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
திலீபன்
செயலாளர்


உத்தமபாளையம்
28.1.2025

அன்புள்ள தம்பி ரசூலுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் ஷர்மின் சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ். படுத்த வாக்கில் படிக்க வசதியாகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

உன் கடிதம் இல்லாமலே ஜெயித்துவிட்டேன். எப்படி என்று கேள்.

கை நடுங்கியது. அதை மறைக்க மாட்டேன். ஐம்பது வருஷம் கரண்டியும் ஊசியும் பிடித்த கை. முதலில் நானும் பயந்துதான் போனேன். எட்டு நாள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். ஏழு தலையணை உறை பாழானது. எட்டாவதில் ஒரு இலை விழுந்தது, நான் நினைத்த இடத்தில், நினைத்த சாய்வில். தூரிகை துணியைத் தொடும்வரைதான் நடுக்கம், தொட்டுவிட்டால் நின்றுவிடுகிறது என்று அப்போது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும் என் முறை. நான் போய் உட்கார்ந்ததும் பின்னால் ஒருவர், "என்னப்பா, கவாத்துக் கூட்டம்னு வந்தா கோலப் போட்டியா?" என்றார்.

"கோலமின்னா நீயும் போடலாம், உக்காரு" என்றார் நாகஜோதி. காமயகவுண்டன்பட்டிப் பக்கம் நாலு ஏக்கர் பந்தல் வைத்திருக்கிற பெண். சங்கத்தில் அவர் வாய்க்கு எல்லோருக்கும் பயம் போலிருக்கிறது. அந்த ஆள் உட்கார்ந்துவிட்டார்.

படத்தில் இருக்கிற பந்தலையே மறுபடி வரைவதாகச் சொன்னேன். அசல் படத்தை என் முதுகுக்குப் பின்னால் திருப்பி வைக்கச் சொன்னேன். பார்த்து வரைந்தேன் என்று நாளைக்கு ஒருவர் சொல்லக் கூடாது.

நான் வரைகிற விதம் உனக்கு ஞாபகம் இருக்கும். கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் எங்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்கவில்லை, எம்பிராய்டரிதான் கற்றுக்கொடுத்தார். ஒரு மூலையில் ஆரம்பித்தால் அந்த இடத்தை முழுக்க நிரப்பிவிட்டுத்தான் அடுத்த இடம். இலை என்றால் நெட்டையும் குட்டையுமாக மூன்று இழுப்பு, கடைசியில் நூலை மேலே தூக்குவதுபோல ஒரு சுண்டு. எனக்கு வேறு வழி தெரியாது. கீழ் வலது மூலையில் ஆரம்பித்தேன். கால் மணி நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தார்கள். முதல் கல்தூண் முழுசாக வந்ததும் பேச்சு குறைந்தது.

இரண்டாவது தூணை வரைந்தபோது முத்துப்பாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"ராவுத்தரம்மா, கல்லு சாயுது. நேராக்குங்க."

"அது சாஞ்சுதான் நின்னுச்சு."

"எங்கன சாஞ்சு நின்னுச்சு? பந்தக்கல்ல எவனாச்சும் சாச்சு நடுவானா?"

"நட்டப்ப நேராத்தான் இருந்துச்சு. எழுவத்தி நாலுல உங்க அப்பா டிராக்டரப் பின்னால எடுத்து இடிச்சாக. வேலியோட சேத்து இடிச்சாக."

கூட்டம் சிரித்தது. முத்துப்பாண்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "அது எங்கப்பா இல்ல, டிரைவரு" என்றார்.

"டிரைவரு எறங்கி வெத்தல போட்டுக்கிட்டு இருந்தாரு. ஓட்டிப் பாக்குறேன்னு ஏறுனது உங்கப்பா. கல்ல நிமித்தித் தாறேன்னு சொன்னாக. கடைசி வரைக்கும் நிமித்தல. அதான் சாஞ்சே இருக்கு."

"ஏலே முத்து, இப்பவாச்சும் போயி நிமித்திட்டு வா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடி சிரிப்பு. முத்துப்பாண்டியும் சிரித்துவிட்டார்.

ஐம்பத்தைந்து நிமிஷத்தில் தூரிகையை வைத்தேன். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான் வந்தது. திலீபன் அதை எடுத்துப் போய் அசல் படத்தில் அதே இடத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். அசலிலும் இரண்டாவது கல் சாய்ந்திருந்தது. அதை அவர்கள் இத்தனை நாளும் கவனிக்கவே இல்லை. ஆனால் ஜெயித்தது கல்லால் இல்லை. கல் சாய்ந்தது உன் அண்ணனுக்கும் தெரியும், சொல்லியிருக்கலாம் என்பார்கள். இலைதான் ஜெயித்தது. இரண்டிலும் இலை ஒவ்வொன்றும் மூன்றே இழுப்பு, நுனியில் அதே சுண்டு. ஒவ்வொருத்தராக வந்து குனிந்து பார்த்தார்கள். நாகஜோதி இரண்டின் மேலும் தொடாமல் விரலை ஓட்டிப் பார்த்தார். "ஒரே கை. எங்க அம்மா கட்டுன பூவ நான் எந்தச் சந்தையிலயும் கண்டுபிடிச்சிருவேன். இது அந்த மாதிரி. இன்னும் என்ன சாட்சி வேணுமாம் உங்களுக்கு?" என்றார்.

முத்துப்பாண்டி எழுந்து நின்றார். "ஆத்தா, ஒத்துக்கிறேன். நாங்க சொன்னது தப்பு" என்றார். நாற்பது பேர் கை தட்டினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப் போயிருந்தது, அதைச் சொல்லவும் இல்லை.

தகடு ஏற்கனவே வெட்டி வந்துவிட்டதாம். பின்பக்கத்தைத் திருப்பி என் பெயரை வெட்டிவிடலாமா என்று கேட்டார். கூடாது, புதுத் தகடு வேண்டும் என்றேன். சரி என்றார்கள்.

ஆகவே இனி நீ சங்கத்துக்கு எழுத வேண்டாம். எனக்கு எழுது. என்ன தடுத்தது என்று எழுது.

முழங்காலை மடக்காதே.

இப்படிக்கு,
சுலைகா பீவி


தாம்பரம்
24.2.2025

மதினிக்கு, ரசூல் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வாக்கரை வைத்துப் பத்தடி நடக்கிறேன். உங்கள் கடிதத்தை ஷர்மின் வாசிக்கக் கேட்டு வீடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவளை அனுப்பிவிட்டு நானே மறுபடி வாசித்தேன்.

மதினி, உங்களுக்கு இது தெரியாது. அத்தா உங்கள் பெயரை மறைக்கச் சொல்லவில்லை.

உயிருள்ளதை வரைய வேண்டாம் என்று சொன்னது அத்தாதான். அது உண்மை. பெயரைப் பற்றிச் சொன்னது வேறு. வீரபாண்டிக்குப் படத்தைக் கொண்டுபோகிற அன்று காலையில் அத்தாவிடம், யார் பெயரில் கொடுக்க என்று கேட்டேன். "இதென்னலே கேள்வி. வரஞ்சது மருமக. அவ பேரத்தான் எழுதணும்" என்றாக. அவ்வளவுதான் சொன்னாக.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பொருட்காட்சிக் கொட்டகையில் விண்ணப்பம் எழுதும்போது காலேஜ் பையன்கள் மூன்று பேர் பின்னால் நின்றார்கள். பரிசு கிடைத்தால் மைக்கில் பெயர் வாசிப்பார்கள் என்று ஒருவன் சொன்னான். "ஏலே ரசூலு, ஒங்க வீட்டுப் பொம்பளப் பேர ஊரே கேக்கப் போகுது" என்றான். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னான். என் கை அண்ணன் பெயரை எழுதிவிட்டது. படத்தின் மூலையில் அவர் கையெழுத்தைப் போட்டதும் நான்தான்.

மைக்கில் வாசித்தபோது அத்தா கூட்டத்தில் நின்றாக. ராஜா முகம்மது என்று கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாக. ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் அண்ணனும் பேசி அப்படி முடிவு செய்தீர்கள் என்று நினைத்துக்கொண்டாக. வருகிற வழியில் அண்ணன், "யாருலே என் பேர எழுதுனது?" என்று கேட்டாக. அத்தா சொன்னாக என்று சொன்னேன். அதற்குப் பிறகு அண்ணன் எப்படி அத்தாவிடம் கேட்பாக? அப்புறம் அடுப்படிக்கு வந்து உங்களிடமும் அதையே சொன்னேன். ஒரு வீட்டில் நான்கு பேர். யாரும் யாரையும் கேட்கவில்லை. மரியாதைக்காகக் கேட்கவில்லை. அதில் நான் ஒளிந்துகொண்டேன்.

அண்ணன் வரைந்தது என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. உங்கள் முதல் கடிதம் வந்த அன்றுதான் அது மறுபடி பொய்யாயிற்று.

அத்தா மௌத்தாகும்வரை, கடைக்கு வந்து அந்தப் படத்தைப் பார்க்கிற போதெல்லாம், "மருமக நல்லா வரஞ்சிருக்கு" என்று என்னிடம் மட்டும் சொல்வாக. நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

மன்னித்துவிடுங்கள். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

ரசூல்


உத்தமபாளையம்
12.3.2025

அன்புள்ள தம்பி ரசூலுக்கு, மதினி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு நல்லபடியாகப் போகிறது. சர்க்கரைக்காரி நோன்பு வைக்கலாமா என்று டாக்டர் கேட்டார். வைத்துவிட்டுத்தான் அவரிடம் போனேன். நீ மாத்திரை சாப்பிடுகிற ஆள், இந்த வருஷம் வைக்காதே.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் வாரம் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அப்போது எழுதியிருந்தால் நீ மறுபடி படுக்கையில் விழுந்திருப்பாய். அதனால் எழுதவில்லை.

மாமா பெயரைச் சொல்லி யாராவது பேசினால் நான் எழுந்து போய்விடுவேன். அது உனக்குத் தெரியும். அவர் மௌத்தாகி முப்பத்தேழு வருஷத்தில் அவருக்காக நான் யாசீன் ஓதியதில்லை. இந்த நோன்பில் பிறை கண்ட நாளிலிருந்து தினமும் ஓதுகிறேன். அந்த மனிதர் என் பெயரைக் கேட்பதற்காகக் கூட்டத்தில் போய் நின்றிருக்கிறார். அதை நினைக்கும்போது, பொதுக்குழுவில் கிடைத்த கைதட்டல் எனக்குச் சின்னதாகிவிட்டது. எனக்குச் சேர வேண்டிய பாராட்டு 1975இலேயே வந்திருக்கிறது. உன்னிடம் தங்கிவிட்டது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். கான்வென்டில் படித்தவள் என்று இந்த வீட்டில் எல்லோரையும் திருத்தினவள் நான். ஒரு கதவைத் திறந்து, மாமா, அப்படிச் சொன்னீகளா என்று கேட்டிருக்கலாம். ஒரு வரிக் கேள்வி. கேட்கவில்லை. கேட்காமல் கோபப்பட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. தூரிகையை எடுத்து வைத்தது நீயல்ல, நான்தான்.

இப்போது எடுத்துவிட்டேன். சங்கத்தில் எதிர்ச் சுவருக்கும் ஒரு படம் கேட்டிருக்கிறார்கள். நாகஜோதியின் தோட்டத்தை வரைகிறேன். அவர் தினமும் வந்து பந்தல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு குற்றம் சொல்லிவிட்டுப் போகிறார். ஒன்று சரியாக இருக்கும்.

புதுத் தகடு வந்துவிட்டது. நேற்று திலீபன் கொண்டுவந்து காட்டினான். 'தோட்டத்து வீடு, 1975. வரைந்தவர் சுலைகா பீவி, உத்தமபாளையம்.' எழுத்து ஆழமாக வெட்டியிருக்கிறார்கள், தடவிப் பார்த்தேன். மதுரைக்காரர் எழுதிய அட்டையை எடுத்துவிட்டார்கள். கஞ்சிக் கலயத்தைப் பற்றி எழுதிப் புது அட்டை வைக்கப்போகிறார்கள்.

பெருநாள் கழிந்து ஏப்ரல் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் திறப்பு. முத்துப்பாண்டி மைக்குக்கும் குழாய் ஒலிபெருக்கிக்கும் சொல்லிவிட்டார். சந்தைத் தெரு வரைக்கும் கேட்குமாம். திரையை நாகஜோதி விலக்குவார். விலக்கியதும் படத்தின் பெயரையும் வரைந்தவர் பெயரையும் ஒருவர் மைக்கில் வாசிக்க வேண்டும். அதை நீ வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

விளக்கம் வேண்டாம். மன்னிப்பு வேண்டாம், அதைக் கடிதத்தில் இரண்டு தடவை கேட்டுவிட்டாய், ஒரு தடவையே போதும். நீ எனக்கு எழுதியது எனக்கு மட்டும்தான், அதை நான் யாரிடமும் காட்டப்போவதில்லை. பெயரை மட்டும் வாசி. ஊர் கேட்கும்படி, அவசரப்படாமல், முழுப் பெயரையும் வாசி. மேடைக்கு மூன்று படி இருக்கிறது. கைப்பிடி கட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஷர்மினுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் என் ஸலாம்.

வருகிறாயா இல்லையா என்பதை இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் கடிதத்தில் எழுது.

இப்படிக்கு,
உன் மதினி
சுலைகா பீவி